முதுகுக்குப் பின்னால் நடக்கும் குதிரைகள்

செப்டம்பர் பதினைந்து, திங்கட்கிழமை. விடியுமுன் பெய்து ஓய்ந்த மழை. காற்று சிறிதும் அசையவில்லை. தகரக் கூரையிலிருந்து நீர் சொட்டுவது ஒவ்வொரு சொட்டாகக் காதில் விழுந்தது. டீச்சர் தம் முக்காலியைச் சுவரைப் பார்க்கத் திருப்பிப் போட்டார். முற்றத்துக்கு முதுகைக் காட்டி அமர்ந்தார். கண்களை மூடிக்கொண்டு, "விடுங்க" என்றார். அன்றைய முதல் குதிரை அவருடைய முதுகுக்குப் பின்னால் நடக்கத் தொடங்கியது.

முற்றம் முழுவதும் கருங்கல் பாவியது. குதிரைக்காரர் ஒருவர் கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு அந்தக் கோடிவரை நடத்திச் சென்று திரும்புவார். பிறகு அதே தூரத்தை மெல்ல ஓட்டி வருவார். போகும்போது ஒரு பக்கத்துக் கால்கள் டீச்சரின் முதுகுக்கு அருகே விழும். வரும்போது மறுபக்கத்துக் கால்கள். லாடம் கல்லில் விழும் ஓசை நமக்கெல்லாம் 'டக் டக்' என்றுதான் கேட்கும். டீச்சர் அதில் வேறெதையோ கேட்கிறார். "சரி" என்று அவர் சொன்னால் அந்தக் குதிரை பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு சாலையைக் கடந்து குன்றுப் பாதைக்குப் போகலாம். "நிறுத்துங்க" என்றால் போகக் கூடாது. அந்தக் குதிரையேற்றப் பள்ளியில் இருபத்திரண்டு குதிரைகள். ஒன்பது மணிக்குள் அத்தனையும் அவர் முதுகைக் கடந்தாக வேண்டும்.

இந்தக் காட்சியைப் பல ஆண்டுகளாகப் பார்த்தும் வியப்பு அடங்காதவர் அங்கே லாடம் அடிப்பவர். வயது ஐம்பத்திரண்டு. எவரையும் எளிதில் மெச்சும் வழக்கம் அவருக்கு இல்லை. குதிரை மருத்துவரையே, "ஊசி போடத் தெரியும், உள்ளங்கால் தெரியாது" என்று ஒரு வரியில் ஒதுக்கிவிடுவார். டீச்சரைப் பற்றிப் பேச்செடுத்தால் மட்டும் அவர் குரல் தானாகவே தாழும். "நொண்டுற குதிரைய யாரு வேணாலும் காட்டிடுவாங்க. நாளன்னைக்கு நொண்டப்போற குதிரைய இவங்க இன்னைக்கே சொல்லுவாங்க."

ஒருநாள் அவர் நேராகவே கேட்டுவிட்டார்.

"அது எப்படி டீச்சர்?"

"உங்க வீட்டு மாடிப்படியில யாரு ஏறி வர்றாங்கன்னு திரும்பிப் பாக்காமலே உங்களுக்குத் தெரியாதா, ஆணியண்ணே?"

"தெரியும். சம்சாரம்னா நெஞ்சு அடிச்சுக்கும்."

"எனக்கு இருபத்திரண்டு சம்சாரம். அவ்வளவுதான்."

'ஆணியண்ணன்' என்பது டீச்சர் வைத்த பெயர். அவர் வைத்த பட்டப்பெயர்கள் அங்கே நிறைய உண்டு. கையில் எப்போதும் ஒரு பட்டியலுடன் வலம்வரும் பள்ளிப் பொறுப்பாளருக்குப் 'பட்டியலம்மா' என்று பெயர். வயிறு பெருத்த, சாதுவான கிழக் குதிரைக்குப் 'பீப்பாய்'. மனிதர்களின் சொந்தப் பெயர்கள் டீச்சரின் நினைவில் தங்குவதில்லை. காலையில் கேட்டது மதியத்துக்குள் உதிர்ந்துவிடும். பட்டப்பெயர்கள் மட்டும் எப்படியோ ஒட்டிக்கொள்கின்றன. அதுவும் அந்த விபத்து விட்டுச் சென்றவற்றுள் ஒன்று.

ஒன்பது ஆண்டுகளுக்கு முன், பள்ளியின் வாயிலை ஒட்டிய வளைவில், அவர் ஏறிச் சென்ற குதிரையை ஒரு பால் வேன் பின்னாலிருந்து முந்தியது. ஓர் ஆள் நீளத்துக்கு மேல் விலக வேண்டிய இடத்தில் ஒரு சாண்கூட விலகவில்லை. போதாக்குறைக்கு ஓட்டுநர் ஹாரனையும் அழுத்தினார். குதிரை அரையடி தடுமாறியது; அந்த அரையடி போதுமானதாக இருந்தது. குதிரை அந்த இடத்திலேயே இறந்தது. வேனின் முன்கண்ணாடிமீது மோதிச் சாலையில் விழுந்த டீச்சர், பதினொரு வாரம் மருத்துவமனையில் கிடந்தார். நான்காவது வாரத்தில்தான் கணவரை அடையாளம் கண்டுகொண்டார்.

"அன்னைக்கு வாசல் தாண்டும்போதே நடையில ஒரு சின்னப் பிசிறு கேட்டுச்சு. வந்து பாத்துக்கலாம்னு போயிட்டேன்" என்று டீச்சர் ஒரே ஒரு முறை லாடக்காரரிடம் சொல்லியிருக்கிறார். வேன்காரரைப் பற்றி அவர் பேசுவதில்லை. தாம் கேட்டும் கேளாமல் போன அந்தப் பிசிறைப் பற்றி மட்டும், அதுவும் அந்த ஒரு முறைதான், பேசினார்.

எலும்புகள் கூடிவிட்டன. இடுப்பில் ஒரு தகடும் ஏழு திருகாணிகளும் தங்கிவிட்டன. மழை வருமுன் அவை அறிவிக்கின்றன. ஒரு கால் மற்றதைவிடச் சற்றுக் குட்டையாகிவிட்டதால் ஒரு செருப்புக்கு மட்டும் தடித்த அடி வைத்துத் தைத்திருக்கிறார்கள். காதின் உட்புறத்தில் சமநிலை காக்கும் உறுப்பு சிதைந்ததுதான் பெருந்தொல்லை. அசையும் எதைப் பார்த்தாலும் அவருக்குத் தரை சாய்கிறது. மின்விசிறி சுழலும் அறையில் அண்ணாந்து பார்க்க மாட்டார். கடைத்தெருவில் எதிரே கூட்டம் வந்தால் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பார். இருபது ஆண்டுகள் பிள்ளைகளுக்குக் குதிரையேற்றம் கற்றுக்கொடுத்து, குதிரைகளின் நடையைக் கண்ணால் பார்த்துப் பிழைத்தவருக்கு, நடக்கும் குதிரையைப் பார்த்தால் குமட்டுகிறது. அதனால்தான் அவர் முக்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார். எவரும் சொல்லிக்கொடுத்த முறையன்று அது. மருத்துவமனையிலிருந்து வந்த மூன்றாம் மாதத்தில், ஊன்றுகோலுடன் தாமே வந்து, தாமே அமர்ந்து, "நடத்துங்க, கேட்டுப் பாக்கறேன்" என்றார்.

மோப்பமும் போயிற்று. அவர் கணவர் ரொட்டிக்கடை வைத்திருக்கிறார். ஊரே மூக்கை நிமிர்த்திக்கொண்டு கடக்கும் கடை. வீட்டுக்கு வரும் கணவரிடம், "இன்னைக்கு உங்க மேல என்ன வாசன?" என்று டீச்சர் கேட்பார். "பன்னு கொஞ்சம் கருகிடுச்சு, அந்த வாசன" என்று அவரும் சிரத்தையாகச் சொல்வார். மதியம் இரண்டு மணிக்கு மேல் டீச்சருக்குச் சொற்கள் தடுமாறும். தீவன அறையில் வைக்கோல் மூட்டைமீது ஒரு மணி நேரம் படுத்துக்கொள்வார். அந்த ஒரு மணி நேரமும் கொட்டகையில் யாரும் வாளியைக்கூட ஓசைபட வைப்பதில்லை.

"வெளிய பாத்தா நல்லாத்தானே இருக்கேன். அதான் கஷ்டமே. கட்டு போட்டிருந்தப்ப எல்லாரும் ஓடிவந்து கதவத் தொறந்துவிட்டாங்க" என்பார்.

இவற்றையெல்லாம் டீச்சர் அறிவார். அவர் அறியாத ஒன்று இருந்தது. வலமும் இடமும் அவர் நாக்கில் இடம் மாறியிருந்தன. எந்தக் கால் என்று காது பிழையின்றிப் பிடித்துவிடும். ஆனால் "வலது" என்று நினைத்து "இடது" என்பார். கையைத் தூக்கிக் காட்டச் சொன்னாலும் மாற்றுக் கைதான் உயரும். வீட்டில் கணவர் எப்போதாவது சிரித்துக்கொண்டே திருத்துவதுண்டு; ஆதலால் தடுமாற்றம் உண்டு என்பது டீச்சருக்குத் தெரியும். வேலையிலும் அப்படியே நிகழ்கிறது என்பதை மட்டும் ஒருவரும் சொல்லவில்லை.

அந்த மௌனத்தைத் தொடங்கிவைத்தவர் லாடக்காரர். முதல் மாதமே அவர் கண்டுபிடித்துவிட்டார். சொன்னால் அந்தப் பெண்மணி முக்காலியை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவாரோ என்ற அச்சத்தால், "டீச்சர் வலதுன்னா இடதப் பாரு, இடதுன்னா வலதப் பாரு. வாயத் தொறக்காதே" என்று கொட்டகையில் ஒவ்வொருவர் காதிலும் போட்டுவைத்தார். குனிந்தால் தலை சுற்றும் என்பதால் டீச்சர் லாடப் பட்டறைப்பக்கம் வருவதில்லை. எந்தக் குளம்பு திருத்தப்பட்டது என்று பார்த்ததும் இல்லை. ஒன்பது ஆண்டுகள் இப்படியே ஓடின. குதிரை மருத்துவர்கூட மாற்றிக் கேட்கப் பழகிவிட்டார்.

அந்தத் திங்கட்கிழமை பதினேழாவதாக நடந்தது பீப்பாய். ஏழெட்டு வயதுப் பிள்ளைகள் முதன்முதலில் ஏறுவது அதன்மீதுதான். போயிற்று, வந்தது. மெல்ல ஓடிற்று. இரண்டு மாதமாக டீச்சர் எந்தக் குதிரையையும் நிறுத்தியதில்லை.

"நிறுத்துங்க" என்றார் டீச்சர். "முன்னங்கால், வலது. மிதிக்குது, ஆனா முழுசா நம்பி மிதிக்கல."

லாடக்காரர் பீப்பாயைப் பட்டறைக்கு ஓட்டிச் சென்றார். சனிக்கிழமைதான் அதன் நான்கு குளம்புகளுக்கும் அவர் புது லாடம் அடித்திருந்தார். வழக்கம்போல வலதை இடதாக்கிக்கொண்டு இடது முன்னங்காலைத் தூக்கினார். குறட்டால் சுற்றிலும் அழுத்தினார். குதிரை காதைக்கூட ஆட்டவில்லை. லாடத்தைக் கழற்றிப் பார்த்தார், துப்புரவாக இருந்தது. திரும்ப அடித்தார்.

செவ்வாய்க்கிழமை டீச்சர் மறுபடியும், "நிறுத்துங்க. அதே கால். இன்னும் இருக்கு" என்றார். லாடக்காரர் மறுபடியும் அதே இடக்காலைக் கழற்றினார். ஒன்றுமில்லை. ஒன்பது ஆண்டுகளில் ஒரு முறைகூடப் பிசகாத காது. அதுவும் போய்விட்டதா? பட்டியலம்மா காரணம் கேட்டபோது அவர் தலையைச் சொறிந்துகொண்டு, "காதும் தளருது போல இருக்கும்மா" என்று சொல்லிவிட்டார். சொன்ன மாத்திரத்தில் நாக்கைக் கடித்துக்கொண்டார். பட்டியலம்மா அதைப் பட்டியலில் எழுதிக்கொண்டார்.

"அடுத்த மாசத்துலேர்ந்து டீச்சர ஆபீசுல உக்கார வெச்சுடலாம். கம்ப்யூட்டர்ல பேர் பதியட்டும்" என்றார்.

"ஓடுற திரையப் பாத்தா அவங்களுக்கு வாந்தி வரும்மா."

"பின்ன என்ன செய்யச் சொல்றீங்க? காது சரியில்லன்னு நீங்கதானே சொன்னீங்க?"

லாடக்காரர் குறட்டை எடுத்துக்கொண்டு பட்டறைக்கு நடந்தார்.

புதன்கிழமை காலை எட்டுக் குதிரைகளும் எட்டுப் பிள்ளைகளும் வரிசையில் நின்றனர். பீப்பாய் கடைசி. "லாடக்காரர் ரெண்டு தடவ பாத்துட்டாரு. ஒண்ணுமில்ல. இன்னைக்குப் போகும்" என்றார் பட்டியலம்மா.

டீச்சர் எழுந்தார். முக்காலியைத் தூக்கிக்கொண்டு, தடித்த செருப்பை அழுத்தி ஊன்றி, முற்றத்தைக் கடந்து வாயிலுக்குப் போனார். இரண்டு கம்பிக் கதவுகளுக்கும் நடுவே அதைப் போட்டு, முற்றத்துக்கு முதுகைக் காட்டி அமர்ந்தார்.

எதிரே சாலை, வளைவு, அதே வளைவு. ஒன்பது ஆண்டுகளாக அவர் அந்தப் பக்கம் முகம் திருப்பியதில்லை. காலையிலும் மாலையிலும் கணவரின் தோளில் முகத்தைச் சாய்த்துக்கொண்டுதான் அதைக் கடப்பார். இப்போது பேருந்துகளும் லாரிகளும் வேன்களும் அவருக்கு ஆறடி முன்னால் விரைந்துகொண்டிருந்தன.

"என்ன டீச்சர் இது, சின்னப் புள்ள மாதிரி?" என்று ஓடி வந்தார் பட்டியலம்மா.

"மத்த ஏழும் போகட்டும், எழுந்து வழி விடுறேன். பீப்பாய் போகாது."

"அவரே ஒண்ணுமில்லன்னுட்டாரும்மா!"

"அவரு பாத்தாரு. நான் கேட்டேன்."

ஒரு லாரி கடந்தது. டீச்சரின் உடல் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. கதவுக் கம்பியைப் பற்றிக்கொண்டார். விரல் கணுக்கள் வெளுத்தன. நெற்றியிலிருந்து வியர்வை மூக்கு நுனிக்கு இறங்கியது. மற்றொரு கையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

லாடக்காரருக்குப் பொறுக்கவில்லை. அருகே குந்தி, "கண்ண மூடிக்கோங்க டீச்சர். மூடிக்கிட்டாவது உக்காருங்க" என்றார்.

"மூடினா வண்டி வர்றது தெரியாது. பின்னால புள்ளைங்க நிக்குது."

அவர் கண்களை மூடவில்லை. ஒவ்வொரு வண்டியையும் வளைவின் தொடக்கத்திலிருந்து மறையும்வரை பார்த்தார்; ஒவ்வொன்றுக்கும் சாய்ந்தார்; ஒவ்வொன்றுக்குப் பின்னும் நிமிர்ந்தார். குதிரைகளும் பிள்ளைகளும் வரிசை கலையாமல் நின்றனர். எரியும் அடுப்பைக் கையால் பிடித்திருக்கும் ஒருவரைப் பார்ப்பதுபோல லாடக்காரர் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். தம் வாழ்நாளில் எத்தனையோ முரட்டுக் குதிரைகளை அடக்கியவர்களை அவர் கண்டிருக்கிறார். இப்படித் தம்மைத் தாமே அடக்கி அமர்ந்த ஒருவரைக் கண்டதில்லை.

ஒன்பது மணிக்கு ரொட்டிக்கூடையுடன் கணவரின் சைக்கிள் வந்தது. அவர் மனைவியைப் பார்த்தார், சாலையைப் பார்த்தார். சைக்கிளை நிறுத்திவிட்டு, ஒன்றும் கேட்காமல், அவருக்கும் சாலைக்கும் நடுவே நின்று மறைத்துக்கொண்டார்.

"தள்ளுங்க. தெரியல" என்றார் டீச்சர்.

"அதுக்குத்தான் நிக்கிறேன். நான் பாத்துக்கறேன் வண்டிய." பிறகு லாடக்காரரிடம் திரும்பினார். "என்ன நடக்குது இங்க?"

"பீப்பாய்க்குக் கால் சரியில்லங்கறாங்க. நான் ரெண்டு தடவ பாத்துட்டேன், ஒண்ணுமில்ல."

"எந்தக் கால்னு சொன்னா?"

"முன்னங்கால், வலதுன்னாங்க."

"சரி, வலதுல ஒண்ணுமில்லையா?"

லாடக்காரர் குரலைத் தாழ்த்தினார். "வலதுன்னு சொன்னாங்க. அதனால நான் இடதப் பாத்தேன்."

ரொட்டிக்காரர் விளங்காமல் விழித்தார். விளங்கியதும் இடுப்பில் கைவைத்துக்கொண்டார். "அட கடவுளே! எட்டு மாசமா காலையும் சாயங்காலமும் எங்கூடக் கடைக்கு வந்து தட்டு அடுக்குறாய்யா இவ! வலது அலமாரி இனிப்பு பன்னு, இடது அலமாரி உப்பு பன்னு. ஒவ்வொரு தட்டுக்கும் வாய்விட்டுச் சொல்லிச் சொல்லி வெப்பா. மொத வாரம் ஊருல பாதி பேரு டீயில உப்பு பன்னத் தோய்ச்சுத் துப்பினாங்க. ரெண்டு மாசமாத்தான் சரியாச்சு, இப்ப நூறு தட்டுக்கு ரெண்டு மூணுதான் மாறுது. களைச்சாதான் தப்பு வரும். காலையில வரவே வராது."

லாடக்காரர் எழுந்தார். பிள்ளையைப் பீப்பாயின் முதுகிலிருந்து இறக்கிவிட்டு, அதை அங்கேயே ஓரமாக நிறுத்தி, வலது முன்னங்காலைத் தூக்கித் தம் தொடைகளுக்கிடையே பிடித்துக்கொண்டார். குறட்டால் வெளிப்புறத்தை அழுத்தியதும் பீப்பாய் காலை வெடுக்கென்று இழுத்தது. ஆணிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். இரண்டாவது ஆணியின் நுனி ஈரமாக வந்தது. துளையிலிருந்து கறுத்த சீழ் ஒரு துளி திரண்டு வழிந்தது. சூழ நின்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டனர். கணவரின் கையைப் பற்றிக்கொண்டு அருகே வந்திருந்த டீச்சர் மட்டும் முகம் சுளிக்காமல் நின்றார்.

சனிக்கிழமை உள்சதையை நெருக்கி அவரே அடித்த ஆணி அது. சாலையின் நடுவில் அந்தக் கால் வலி தாங்காமல் ஒருமுறை மடங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை அங்கே எவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. பட்டியலம்மா தம் பட்டியலில் ஒரு வரியை அழுத்தி அழுத்தி அடித்தார்.

"ஆணி என்னுது டீச்சர்" என்றார் லாடக்காரர். ஆணி அடித்தவரின் குற்றம் ஒன்று. அதைவிடப் பெரியது இன்னொன்று. அதையும் சொல்லிவிடத் துணிந்தார். "இன்னொண்ணும் இருக்கு. நீங்க திங்கக்கிழமையே சரியாத்தான் சொன்னீங்க. நான்தான் மாத்திக்கிட்டேன். விபத்துக்கப்புறம் உங்களுக்கு வலமும் இடமும் மாறி வந்துச்சு. ஒம்பது வருஷமா நாங்க மாத்தித்தான் எடுத்துக்கிட்டிருந்தோம்."

டீச்சர் சூழ நின்ற முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"எல்லாருமா?"

"டாக்டர்கூட."

"ஒருத்தருக்குக்கூட எங்கிட்ட சொல்லத் தோணலையா?"

"சொன்னா நீங்க வராம போயிடுவீங்களோன்னு…"

டீச்சர் பீப்பாயின் கழுத்தில் கைவைத்துக்கொண்டார். கண்கள் கலங்கியிருந்தன, தலைசுற்றலாலா வேறெதனாலா என்று லாடக்காரரால் சொல்ல முடியவில்லை. ஒன்பது ஆண்டுகள் தாம் சரியாகச் சொல்லிவந்ததாக அவர் நம்பியிருந்தார். பிசகும் என்று தெரிந்த வீட்டில் மட்டும் எட்டு மாதமாக உழைத்திருந்தார். அந்த உழைப்பே மூன்று நாளாக அவரைப் பொய்யராக்கியிருந்தது.

லாடக்காரர் கழற்றிய லாடத்தைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தார். கேட்கவும் கூச்சம், கேளாமல் விட்டால் நாளைக் காலை மறுபடியும் இதே குழப்பம்.

"இனிமே நீங்க சொன்னா நான் எந்தக் காலத் தூக்கறது, டீச்சர்?"

"சொன்ன காலத்தான். தப்பா இருந்தா வந்து எங்கிட்ட சொல்லுங்க."